வழுக்காத கை

ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு அத்தான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மச்சான், என் கைதானே வழுக்குச்சு?"

அவன் தலையை ஆட்டினான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலை மேலும் கீழுமாக இரண்டு தரம் அசைந்தது, அவ்வளவுதான். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "நெனச்சேன்" என்றார்.

அந்த இரண்டு அசைவைச் சுமந்துகொண்டு எட்டு வாரமாக அவன் திரிகிறான். சோறு இறங்கவில்லை. அக்கா "என்னடா இளைச்சுட்ட?" என்று கேட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்க்கிறான்.

வேலையிடத்தில் அவனுக்குப் பெயர் பயில்வான். இருபத்து மூன்று வயது, தொண்ணூறு கிலோ, சட்டைக் கையைத் தையல்காரர் பிரித்து விட்டுத்தான் போட வேண்டும். ஊரில் இருந்தபோதே ஜிம்மில் குடியிருந்தவன். அக்காவின் வீட்டுக்காரர்தான் அவனை இங்கே வரவழைத்து, தான் வேலை பார்க்கும் வீடு மாற்றும் கம்பெனியில் சேர்த்துவிட்டார். அந்த அத்தானுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. பெயரே போதும், ஆள் எப்படி இருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெல்ட்டில் கூடுதலாக மூன்று ஓட்டை போட்டிருந்தார். ஆனால் ஒன்பது வருஷமாக இந்த நகரத்து மாடிப்படிகளில் பீரோவும் கட்டிலும் ஃபிரிட்ஜும் ஏற்றி இறக்குகிறவர். படி குறுகல், பாரம் அதிகம் என்றால் "குச்சியைக் கூப்பிடு" என்பார்கள்.

"மச்சான், உன் கை என் தொடையவிடப் பெருசா இருக்கு" என்பார் அத்தான். "ஆனா சாப்பிட்ட தட்டைக் கழுவுறப்ப மட்டும் எங்க போகுதுன்னே தெரியல."

நல்ல மனுஷர். அவரிடம்தான் அவன் தலையை ஆட்டினான்.

நடந்தது இதுதான். துணி துவைக்கும் மெஷின் ஒன்றை மூன்றாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். லிஃப்ட் பழுது. அந்த மெஷினுக்குள் ஆடாமல் இருப்பதற்காக ஒரு சிமெண்ட் கட்டியை வைத்திருப்பார்கள், பார்ப்பதற்குத் தகர டப்பா மாதிரி இருக்கும், தூக்கினால்தான் அதன் குணம் தெரியும். இரண்டு பேர் வேலை. மேலே நிற்பவன் பின்பக்கமாக நடந்து படி ஏறுவான், கீழே நிற்பவர் மெஷினுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு வருவார். கீழே இருப்பவருக்கு மெஷினின் முதுகுத் தகரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேலே இருப்பவன்தான் அவருக்குக் கண். அதனால் இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. மேலே இருப்பவனுக்குக் கை அசந்தால், பிடி மாற்ற வேண்டுமென்றால், மூக்கு அரித்தால்கூட, முதலில் "நில்லு" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் முழங்காலை முட்டுக் கொடுத்துப் பாரத்தைப் படியில் சாய்த்த பிறகுதான் விரலை அசைக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. அது கம்பெனி சட்டமில்லை, அத்தான் சொன்னது. வேலை நாளில் காலையில் ஜிம்முக்குப் போகாதே. அவன் அன்று போயிருந்தான். ஐந்து மணிக்கு எழுந்து, பூனை மாதிரி கதவைச் சாத்திவிட்டுப் போய், ஒன்றரை மணி நேரம் கம்பியில் தொங்கி, இரும்பை இழுத்து, கண்ணாடி முன்னால் நின்று நான்கு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தான். மெஷினைத் தூக்கும்போதே முன்னங்கை ஊறவைத்த துணி மாதிரி தொளதொளவென்று இருந்தது.

நாலாவது படியில் "நில்லுங்க அத்தான்" என்றான். நின்றார். ஒன்பதாவது படியில் மறுபடியும் "நில்லுங்க" என்றான். நின்றார். அப்போதுதான் தகரத்துக்குப் பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது.

"என்ன மச்சான், மூச்சு வாங்குறது உனக்கா, மெஷினுக்கா?"

படிக்குக் கீழே நின்ற லாரி டிரைவர் கெக்கெக்கென்று சிரித்தார். "குச்சி, நீ அந்தப் பக்கம் போயி பயில்வானையும் சேத்துத் தூக்கிட்டு வந்துடு!"

அவனுக்குக் காது மடல் சுட்டது. சும்மா ஒரு கேலிதான், தினமும் நடப்பதுதான். ஆனாலும் மூன்றாவது தடவை "நில்லு" என்று சொல்ல நாக்கு எழவில்லை. திருப்பத்துக்கு இன்னும் ஆறு படி, பல்லைக் கடித்துக்கொண்டால் போய்விடலாம் என்று நினைத்தான். பதினாலாவது படியில் அவன் விரல்கள் அவனைக் கேட்காமல் திறந்துகொண்டன. முதலில் இடது கை, பிறகு வலது கை.

மெஷின் அப்படியே கீழே இருந்தவர் மேல் இறங்கியது. அத்தான் இடது தோளையும் முழங்காலையும் கொடுத்து அதைத் தாங்கினார். வலது கை மெஷினுக்கும் படியோரத்து இரும்புக் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நசுங்கும் சத்தம் அவனுக்குக் கேட்டது. டிரைவர் ஓடி வந்து அடியில் முட்டுக் கொடுக்கும்வரை, இருபது எண்ணும் நேரம் இருக்கும், அந்த ஒட்டடைக்குச்சி மனிதர் சிமெண்ட் வைத்த மெஷினை ஒற்றைத் தோளில் நிறுத்தி வைத்திருந்தார். அவன் மேலே நின்றுகொண்டு காலியாக இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் நினைவு வந்து மெஷினைப் பிடித்தான். ஓடி வந்தவர்கள் பார்த்தது அந்தப் பிடியைத்தான்.

அத்தானுக்கு ஏன் அந்தச் சந்தேகம் வந்தது என்றும் அவனுக்குத் தெரியும். படி திரும்பும் இடம் என்பதால் அந்த நேரம் பார்த்து அவர் தன் வலது கையை ஒரு விரல்கடை நகர்த்தியிருந்தார். அடுத்த நொடி பாரம் இறங்கியது. தகரத்துக்குப் பின்னால் நிற்பவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

மறுநாள் கம்பெனி முழுக்கக் கதை தயார். சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசினார். "நான் எத்தன தடவ சொன்னேன், பெரிய பாரத்துக்கு அந்த ஒல்லி ஆளக் கீழ நிறுத்தாதீங்கன்னு? பயில்வான் மட்டும் மேல புடிக்கலன்னா அன்னிக்கு ஒரு உசுரே போயிருக்கும்." என்று சொல்லி அவன் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவன் முதுகில் இன்னும் இருக்கிறது.

ஊருக்குப் போன் போட்டபோது அம்மாவும் அதையே சொன்னாள். "அவரு உடம்புல என்னடா இருக்கு? காத்தடிச்சா புடிச்சு வைக்கணும். நல்லவேளை, நீ கூட இருந்த. எம் மக தாலிய நீதான் காப்பாத்தின."

"சரிம்மா" என்றான். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், "டவர் இல்லம்மா" என்று வைத்துவிட்டான். டவர் நன்றாகத்தான் இருந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அத்தானின் வலது கை வேலைக்குத் திரும்பவில்லை. டம்ளரை எடுப்பார், பாதி வழியில் இடது கைக்கு மாற்றிவிடுவார். சட்டைப் பொத்தானை இடது கையாலேயே போடப் பழகிக்கொண்டார். இரண்டு வயது மகள் "அப்பா, தூக்கு" என்று ஓடி வந்தால், இடது பக்கமாகத் திரும்பி அந்தக் கையில் வாரிக்கொள்வார். ஒருநாள் குழந்தை வலது பக்கமாக வந்து காலைக் கட்டிக்கொண்டது. அவர் கையை நீட்டினார், பிறகு பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏய், பாப்பாவ எடு" என்று அக்காவைக் கூப்பிட்டார். "எங்கையில வேணாம். விட்டுருவேன்."

சோபாவில் உட்கார்ந்திருந்த பயில்வான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள். அத்தானுக்குத் துணையாக அவன்தான் போவான். நம் மொழி பேசுகிற பெண்மணி ஒருவர் அங்கே இருந்தது அதிர்ஷ்டம். சின்ன அறை. ஒரு மேசை, சுவரில் எலும்புக்கூட்டின் படம், ரப்பர் பட்டைகள், மணல் பைகள். பிடியை அளக்க ஒரு கருவி வைத்திருந்தார். கைப்பிடி மாதிரி இருக்கும், அமுக்கினால் முள் நகர்ந்து கிலோவைக் காட்டும்.

எட்டாவது வாரத்து வெள்ளிக்கிழமை. அத்தான் வலது கையால் அமுக்கினார். பதினொன்று.

"போன வாரமும் பதினொண்ணு" என்றார் பிசியோ. இடது கையில் கொடுத்தார். ஐம்பத்தாறு.

பிசியோ அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த பயில்வானைப் பார்த்தார். "தம்பி, சும்மாதான இருக்கீங்க. நீங்களும் ஒருவாட்டி அமுக்குங்களேன்."

அவன் எழுந்து போய், நரம்பு புடைக்க, முகம் சிவக்க அமுக்கினான். நாற்பத்து நாலு.

"மெஷின் ரிப்பேருங்க" என்றான்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார் அவர். "சதை பெருசா இருந்தா பலம் வரும், இல்லங்கல. ஆனா அது ஒரு பங்குதான். ஒரு பெரிய ஆபீஸ்ல ஆயிரம் பேர் வேல செய்றாங்கன்னு வச்சுக்கோங்க. மேலருந்து ஒரு உத்தரவு வந்தா எத்தன பேர் எந்திரிச்சு வர்றாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல வர்றாங்களா, அதுதான் கேள்வி. மூளையிலருந்து நரம்பு வழியா அந்த உத்தரவு போகணும். ஒங்க அத்தானுக்கு ஒம்போது வருசமா தெனம் இதே வேல. கூப்புட்ட ஒடனே மொத்த ஆபீசும் எந்திரிச்சு நிக்கும். தசைய எலும்போட கட்டுற நாணும் தேர்வடம் மாதிரி ஒரம் ஏறியிருக்கும். மணிக்கட்ட எந்தச் சாய்வுல வச்சா பாரம் கொறையும்னு அவரு யோசிக்கவே வேணாம், கையே யோசிச்சுக்கும்."

"அப்ப எனக்கு?"

"ஒங்க ஆபீஸ்ல ஆளு நெறைய இருக்காங்க. பாதிப் பேரு சீட்ல தூங்குறாங்க."

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். எட்டு வாரத்தில் முதல் சிரிப்பு. "இத நான் வீடியோ எடுத்து எங்க மாமியாருக்கு அனுப்பணும்" என்றார்.

அவனும் சிரித்து வைத்தான்.

"அப்ப இந்தக் கை?" என்று அத்தான் வலது கையைக் காட்டினார். "இதுல எல்லாரும் வேலைய விட்டுப் போயிட்டாங்களா?"

பிசியோ எதையோ எடுக்கத் திரும்புகிற மாதிரி திரும்பி, மேசை ஓரத்திலிருந்த ஐந்து கிலோ மணல் பையை முழங்கையால் தள்ளிவிட்டார். பை அத்தானின் வலது பக்கமாக விழுந்தது. தரையைத் தொடவில்லை. அத்தானின் வலது கை பாய்ந்து அதைக் கொத்தாகப் பிடித்திருந்தது. ஐந்து விரலும் துணிக்குள் புதைந்திருந்தன. அடுத்த நொடி அவர் பயந்துபோய் அதை மடியில் போட்டார்.

"இப்ப புடிச்சது யாரு?" என்றார் பிசியோ. "அவ்வளவு வேகத்துல வர்றத இப்படி நிறுத்தணும்னா பதினொண்ணு பத்தாதுங்க. எலும்பு சரியாயிடுச்சு. சதை கொஞ்சம் வத்தியிருக்கு, அது வந்துரும். ஆளுங்க எல்லாம் உள்ளதான் இருக்காங்க. நீங்க யோசிக்க நேரம் கெடச்சா மட்டும் உத்தரவு போறதில்ல. கடைசியா இந்தக் கை பாரம் தூக்கினப்ப என்ன ஆச்சு?"

அத்தான் கையைப் பார்த்தார். "விட்டுருச்சுங்க."

"அதான். ஒங்க மூளை அதப் பத்திரமா ஞாபகம் வச்சிருக்கு. இது ஏமாத்தின கை, இத நம்பாதேன்னு பிரேக் போட்டு வச்சிருக்கு. அடி பட்டவங்களுக்கு இது வர்றதுதான், பயிற்சியால கொஞ்சம் கொஞ்சமா எளகும். ஆனா மொதல்ல நீங்க அத நம்பணும்."

"எப்படிங்க நம்புறது?" என்றார் அத்தான். "எனக்கு நசுங்கினதுகூடப் பரவால்ல. கீழ டிரைவர் நின்னுட்டு இருந்தாரு."

மூலையில் உட்கார்ந்திருந்தவன் அத்தானின் மடியிலிருந்த மணல் பையையே பார்த்தான். அதுவரை அவன் தனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தான். நடந்தது நடந்துவிட்டது, கை ஆறிவிடும், உண்மையைச் சொன்னால் மட்டும் எலும்பு சீக்கிரம் கூடிவிடுமா என்ன? அந்தச் சமாதானம் இப்போது பொடிப்பொடியாகிவிட்டது. எலும்பை உடைத்தது ஒரு நொடி அசதி. கையைக் கட்டி வைத்திருப்பது அவன் தலையாட்டல். தினமும் காலையில் அத்தான் எழுந்து, செய்யாத தப்புக்குத் தன் கையையே தண்டித்துக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது அத்தான் சொன்னார். "திங்கக்கெழம எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன். பேக்கிங் பக்கம் மாத்திக் கேட்டு."

பேக்கிங் என்றால் குடோனில் உட்கார்ந்து கண்ணாடிச் சாமானையும் தட்டையும் காகிதத்தில் சுற்றும் வேலை.

"நாலு செவத்துக்குள்ள ஒங்களுக்கு மூச்சு முட்டுமே அத்தான்."

"முட்டட்டும். என் கைய நம்பி ஒருத்தன் மேலயோ கீழயோ நின்னு, நான் விட்டுட்டன்னா? அந்தப் பாவம் எனக்கு வேணாம் மச்சான்."

அவன் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் கூட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சனிக்கிழமை அக்கா வீட்டில் இல்லை என்று சொல்லிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பகலில் சாக்குகள் தீர்ந்துவிட்டன.

அடுக்களையில் அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து இரண்டு மூடிகளைத் தட்டிக்கொண்டிருந்தது. அத்தான் சாப்பாட்டு மேசையில் கம்பெனி படிவத்தை வைத்துக்கொண்டு, இடது கையில் பேனா பிடித்து, கோழி கிளறின மாதிரி எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

"மாற்றம் கேட்கும் காரணம்னு போட்டிருக்கான். என்ன எழுதட்டும்?"

"கை சரியில்லன்னு எழுதுங்க" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. வெங்காயம் ஒரு சாக்கு.

"அத்தான்" என்றான் அவன். "ஒங்க கை வழுக்கல."

"ம்?"

"அன்னிக்கு ஒங்க கை வழுக்கவே இல்ல. நான்தான் விட்டேன்."

கத்தி நின்றது. குழந்தை மட்டும் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அக்கா எட்டி அதை வாங்கி வைத்தாள்.

அத்தான் உடனே கோபப்படவில்லை. பேனாவை மூடிப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, லாரியில் ஒரு சாமான் உடைந்துவிட்டால் எப்படி விசாரிப்பாரோ, அப்படி விசாரிக்க ஆரம்பித்தார்.

"எத்தனாவது படி?"

"பதினாலு."

"எந்தக் கை மொதல்ல விட்டுச்சு?"

"எடது. அப்புறம் வலது."

"நான் என் கைய நகத்தினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"ஒரே நேரம் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா ஒங்க கை புடிச்சபடிதான் இருந்துச்சு. மேலருந்து நான் பாத்தேன். மெஷின் எறங்கினப்பகூட ஒங்க வெரல் நாலும் அடியில இருந்துச்சு அத்தான். எடுத்திருந்தீங்கன்னா கை மாட்டியிருக்காது. நீங்க எடுக்கல, அதனாலதான் நசுங்குச்சு."

அத்தான் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"காலைல ஜிம்முக்குப் போனியா?"

"போனேன்."

"மூணாவது தடவ ஏன் நில்லுன்னு சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா?" இப்போதுதான் குரல் உயர்ந்தது. "வெக்கமாடா? ஊரே ஒன்னத் தூக்கி வச்சு ஆடுச்சே, நீதான் மெஷினப் புடிச்சன்னு. அதுக்கு வெக்கமா இல்லையா ஒனக்கு? ஆம்புலன்ஸ்ல நான் ஒன் மூஞ்சியப் பாத்துக் கேட்டனே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"வலி எனக்குப் பழக்கம்டா. எலும்பு ஒடஞ்சது ஒரு விஷயமே இல்ல. எட்டு வாரமா நான் எங்கையப் பாத்து பயந்துட்டு இருந்தேன். எம் புள்ளயத் தூக்கப் பயந்தேன். அத நீ பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு இருந்த."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தம்பியை அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான், அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் அடிக்கவில்லை. புருஷனின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் மேசையிலிருந்த படிவத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"இந்தா. இத நீ எழுதிக் குடு. பேக்கிங்குக்கு நீ போ."

அவன் பேனாவை எடுத்தான். அவர் கோணல்மாணலாக எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினான். காரணம் என்ற இடத்தில் நடந்ததை நாலு வரியில் எழுதினான். இடம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை லாரிகள் கிளம்பும் முன் எல்லோரும் வரிசையில் நிற்கும் நேரத்தில் அதைச் சூப்பர்வைசரிடம் நீட்டினான். அவர் வாசிப்பதற்குள் வாயாலேயே சொல்லிவிட்டான், எல்லோருக்கும் கேட்கும்படி. சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு வாரத்துக்கு முன் தான் பேசியதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அதெல்லாம் ஆஃபீஸ்ல வந்து பேசுப்பா" என்று முனகினார். வரிசையில் ஒருவன் மெல்லச் சிரித்தான். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. எந்நேரமும் கெக்கெக்கென்று சிரிக்கிற மனிதர், அவன் அருகில் வந்து நின்று சாதாரணமாகச் சொன்னார்.

"அன்னிக்குக் கீழ நின்னது நான்டா. எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு." சொல்லிவிட்டுப் போய் லாரியில் ஏறினார்.

புதன்கிழமை பிசியோ அறையில் முள் பத்தொன்பதைத் தொட்டது. அடுத்த வாரம் இருபத்தெட்டு. "என்ன பண்ணீங்க?" என்று ஆச்சரியப்பட்டார் பிசியோ. "மாத்திர மாத்தினீங்களா?" அத்தான் சிரித்து மழுப்பினார். அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் அடுத்த வாரம் நாற்பதைத் தாண்டியதும் டாக்டர் கையெழுத்துப் போட்டார். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. இன்னமும் சில நாள் காலையில் அந்தக் கை நடுங்கத்தான் செய்கிறது. ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி இழுத்துக்கொண்டே இருக்கிறார். ஆனால் நடுங்கினால் நடுங்கட்டும் என்று தூக்குகிறார்.

வேலைக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசர் கேட்டாராம், யாரை ஜோடியாகப் போடட்டும் என்று. டிரைவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார் அத்தான். இவன் குடோனில் தட்டு சுற்றுகிறான். ஒரு தட்டுக்கு இரண்டு காகிதம், நடுவில் அட்டை. யார் உயிரும் இதில் மாட்டிக்கொள்ளாது.

வீட்டில் அத்தான் அவனுடன் பேசாமல் இல்லை. "கொழாய மூடு", "பாப்பாவப் பாத்துக்கோ" என்ற அளவுக்குப் பேசுகிறார். தட்டு கழுவுவதைப் பற்றி மட்டும் கேலி செய்வதில்லை. அவன் தினமும் எல்லோர் தட்டையும் கழுவுகிறான், அவர் பார்க்காத மாதிரி போய்விடுகிறார். ஒருநாள் அவனே பொறுக்க முடியாமல், "அத்தான், மறுபடி ஒங்ககூட வேலைக்கு வரலாமா?" என்று கேட்டுவிட்டான்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "வீட்ல நீ என் மச்சான்தான், அதுல ஒண்ணும் மாத்தமில்ல" என்றார். "படியில எனக்கு ஒன் கை வேணாம். கொஞ்ச நாள் போகட்டும்." எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

ஊருக்கு மட்டும் இன்னும் பழைய கதைதான் போயிருந்தது. அக்காவிடம் சொல்லச் சொல்லிப் பார்த்தான். "நீ ஆட்டின தல, நீயே சொல்லு" என்றாள். "நான் சொன்னா ஒனக்குப் பரிஞ்சு பேசிருவேன்."

சனிக்கிழமை மதியம் போன் போட்டான். அம்மா எடுத்ததும் முழுசாகச் சொன்னான். ஜிம்முக்குப் போனது, படி, விரல் திறந்தது, ஆம்புலன்ஸில் தலையை ஆட்டியது, எல்லாம். திட்டு விழும் என்று காத்திருந்தான்.

"அட விடுப்பா" என்றாள் அம்மா. "வேணும்னா பண்ணின? கை அசந்துருச்சு, புள்ள பயத்துல வாய் தொறக்கல. இதப்போயி கம்பெனியில ஏன் சொன்ன? ஒன்ன ஏதும் பண்ணலயே? ஒழுங்கா சாப்புடுறியா?"

"அம்மா, நான் என்ன சொல்றேன், நீ என்ன பேசுற?"

"அவருக்கும் ஒடம்புல கொஞ்சம் தெம்பு இருந்திருந்தா தாங்கியிருப்பாரு இல்ல."

"தாங்கினாரும்மா! அவரு ஒருத்தர்தான் தாங்கினாரு. தெம்பு இல்லாதது எனக்கு."

"ஒனக்கா? ஒன் கையப் பாத்தா யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா? போடா."

அத்தான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டு கூடத்தில் நின்றார். ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் அவருக்குக் கேட்டிருக்கும். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

"என்னத் திட்டும்மா" என்றான் அவன்.

"எதுக்குடா திட்டணும்? நீ என்ன கொலையா பண்ணிட்ட?"

அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, மறுபடி சொல்றேன். நடுவுல பேசாத, கடைசிவரைக்கும் கேளு. அன்னிக்குக் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். அத்தான் தூங்கிட்டு இருந்தாரு..."